மன்னர் கடித்த கருவாடு

1772-ஆம் ஆண்டு டிசம்பரில், யாயிக் ஆற்றங்கரையில் தால்னயா என்னும் கொசாக்குக் குதிரைவீரர்களின் காவலூரில், அந்த வருடம் அரசியின் படைக்கு எதிராக நடந்த கோடைக் கலகத்தில் சேர்ந்த வீடுகள் ஆற்றில் மீன் பிடிக்கக் கூடாது என்று கோட்டையிலிருந்து உத்தரவு வந்திருந்தது. யெவ்தோகிமின் வீடு அவற்றில் ஒன்று.

மீன்பிடிப்பு தொடங்க அடையாளமாகப் பீரங்கி வெடித்ததும் ஊர் உறைந்த ஆற்றின் மேல் ஓடியது. இலையுதிர் காலம் முழுக்க அந்த ஆற்றின் பக்கம் யாரும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. குதிரைகளைக்கூடக் கிணற்று நீருக்கே ஓட்டிப் போனார்கள். பெலூகா மீன்கள் மடுவின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கும். அவற்றின் தூக்கம் கலையக் கூடாது. இப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் கடப்பாரையால் பனியை உடைத்தார்கள். மீன்கள் மிரண்டு எழுந்தன. ஆளுயரத்துக்கு மேல் நீண்ட கொக்கிக்கழிகளைத் துளைக்குள் இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு, மீன் வந்து கழியில் இடிப்பதை மணிக்கட்டால் உணர்ந்து சுண்டி இழுத்தார்கள். பனியின்மேல் இரத்தம் விழுந்த இடமெல்லாம் புகை எழுந்தது.

யெவ்தோகிம் கரையில் கைகளைக் கம்பளிச் சட்டைக்குள் விட்டு நின்றார். அறுபது வயது. பிறர் கழி அசையும்போதெல்லாம் அவருடைய தோளும் அசைந்தது.

"என்ன அண்ணே, கை அரிக்குதா?" என்றான் பக்கத்தில் நின்ற லாரியோன். மனைவியை இழந்தவன். கோடைச் சண்டையில் சிப்பாயின் வாள் ஒரு காதைப் பாதியாக்கியிருந்தது. வாய்க்கு எந்தச் சேதமும் இல்லை.

"உனக்கு அரிக்கலையா?"

"எனக்கு வயிறுதான் அரிக்குது. நீங்க என்ன, ஜாருக்கே கருவாடு போட்டவரு. தலைநகருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினா நம்ம தடையை எடுத்திடமாட்டாங்களா?"

"அந்த ஜார் இல்லையே இப்ப."

"அதைச் சொல்லுங்க. நம்ம நேரம், கருவாடு தின்ன புருஷன் போயிட்டாரு. திங்காத பொண்டாட்டி சிம்மாசனத்துல உக்காந்திருக்கா."

கீழே பனியின்மேல் மருமகள் உலீத்தா மண்டியிட்டு யாரோ பிடித்த மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள். சினையைக் கை நிறைய அள்ளி மரத்தொட்டியில் போட்டாள். மற்ற நாட்களில் சினை சொந்தக்காரனுக்கு. தலையும் குடலும் அவள் கூலி. இது பருவத்தின் முதல்நாள் பிடிப்பு, அந்தத் தலையும் கிடைக்காது. முதல்நாள் மீன் முழுவதும் அரசர் பங்கு. உப்புப் போட்டுச் சறுக்கு வண்டிகளில் ஏற்றித் தலைநகருக்குக் கொண்டு போவார்கள். தாத்தன் காலத்திலிருந்து அப்படித்தான். கலகம் செய்த வருடமும் அது நிற்கவில்லை.

உலீத்தாவின் புருஷன் மக்ஸீம், யெவ்தோகிமின் மூத்த மகன், கலகத்தில் பிடிபட்டு ஓரன்பூர்க் கோட்டைச் சிறையில் இருந்தான். பனி விழுமுன் அவள் ஒருமுறை ரொட்டி கொண்டுபோனாள். திரும்பி வந்தவள் காலில் விலங்கு இருந்ததை மட்டும் சொன்னாள். விலங்கின் அடியில் எப்படி இருந்தது என்று சொல்லவில்லை. வசந்தத்தில் சாட்டையடி கொடுத்து சைபீரியச் சுரங்கத்துக்கு அனுப்புவார்கள் என்று பேச்சு.

சனிக்கிழமை பிற்பகலில் பீமென் வந்தான். ஊரின் பழைய தலைவன், கலகத்துக்குப் பிறகு பதவி போனவன். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினான்.

"அண்ணே, என் வீட்டுல ஒருத்தரு இருக்காரு."

"யாரு?"

பீமென் சாமி படத்தைப் பார்த்து இரண்டு விரலால் சிலுவை போட்டுக்கொண்டான். "பியோத்தர் மன்னருன்னு சொல்றாரு. சாகலையாம். பொண்டாட்டி ஆளுங்க கொல்ல வந்தப்ப காவல்காரன் ஒருத்தன் தப்பிக்க விட்டானாம். பத்து வருஷமா ஊர் ஊரா நம்ம கஷ்டத்தைப் பாத்துக்கிட்டு நடந்திருக்காரு."

அடுப்பருகே தினைக்கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த உலீத்தாவின் கரண்டி நின்றது. கொட்டாயில் குதிரைக்குத் தீவனம் வைத்துவிட்டு உள்ளே வந்த இளைய மகன் நிக்கானும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"ஊர்ல பாதிப்பேரு நம்பறான், பாதிப்பேரு சந்தேகப்படறான்" என்றான் பீமென். "மன்னரை நேர்ல பாத்த ஆளு இந்த ஆத்தங்கரையிலேயே நீங்க ஒருத்தர்தான். குளியல் வீட்டுக்கு வாங்க. ஒடம்புல அடையாளம் இருக்காம், காட்டுறேன்னாரு. நீங்க ஆமான்னா ஆமா. இல்லேன்னா கையைக் கட்டிக் கோட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திடறோம்."

"ஆமான்னா?"

"ஆமான்னா குதிரையேறி ஓரன்பூர்க் போறோம். சிறைக் கதவு மன்னர் பேச்சைக் கேக்காதா அண்ணே?"

உலீத்தா மாமனாரின் கம்பளிச் சட்டையை எடுத்து வந்து நீட்டினாள். தொப்பியையும் அவளே தலையில் வைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

பீமென் முன்னே நடந்தான். பின்னால் போன யெவ்தோகிமின் கால்கள் பனியில் கனத்தன. அவர் மன்னரைப் பார்த்ததே இல்லை.

பத்து வருடம் முன்பு அரசர் பங்கு கொண்டுபோன வண்டிகளில் மூன்றாவதை ஓட்டியது அவர். அது நிஜம். தலைநகரில் சமையற்கட்டின் பின்வாசலில் குளிரில் காத்து நின்றார்கள். மாவு படிந்த கையோடு ஒருவன் வந்து மீனை எண்ணிக்கொண்டு போனான். ஒருநாள் திரை போட்ட வண்டி ஒன்று தெருவில் போனது. எல்லாரும் தொப்பியை எடுத்தார்கள், அவரும் எடுத்தார். அவ்வளவுதான். திரும்பி வரும் வழியில், ஒரு சத்திரத்தில், 'என்னப்பா பாத்தீங்க?' என்று கேட்டார்கள். கூட வந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் பார்க்காமல் திரும்ப யெவ்தோகிமுக்கு மனம் வரவில்லை.

மன்னர் முற்றத்துக்கே வந்தார் என்றார். உறைந்து விறைத்த பெலூகாவைக் கைத்தடியால் தட்டி, 'இது மீனா, மரக்கட்டையா?' என்று கேட்டார். 'வழியெல்லாம் நீ என்னப்பா தின்ன?' என்று கேட்டார். யெவ்தோகிம் மடியிலிருந்த கருவாட்டை எடுத்துக் கொடுத்தார். மன்னர் வாங்கிக் கடித்தார். பல் இறங்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். 'உங்க ஊர்ல பல்லு கெட்டிதான்' என்றார்.

கதை நன்றாக இருந்தது. கூட வந்தவர்களும் தலையாட்டினார்கள். இப்போது அவர்கள் எல்லாரும் செத்துவிட்டார்கள். கல்யாண வீட்டில், மீன்பிடிக் குடிசையில், உப்பு ஏற்றப் போகிற வழியில் கதை எங்கெங்கோ போனது. தெரியாத ஊர்க்காரர்கள் அதை அவருக்கே சொன்னதுண்டு.

தெரியவில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தார். பத்து வருடம் ஆயிற்று, கண் மங்கிவிட்டது, அவருக்குத் தாடி வேறு வளர்ந்திருக்கும். அப்படிச் சொன்னால் யாருக்கும் குற்றமில்லை.

குளியல் வீட்டில் சூடேறிய கற்களின்மேல் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஆவியில் ஆட்கள் பாதிப் பாதியாகத் தெரிந்தார்கள். மேல்பலகையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் அம்மணமாக உட்கார்ந்திருந்தான். தாடி அடர்த்தியில்லை. மார்பின் இருபுறமும் மெழுகு சொட்டி உறைந்ததுபோல வெளுத்த தழும்புகள்.

"ஜாருக்குப் பொறக்கும்போதே இருக்கற அடையாளம்" என்றான் பீமென்.

"எங்க மாமனுக்கும் கண்டமாலைப் புண்ணு வந்து ஆறினப்ப இதேதான் இருந்துச்சு" என்றான் லாரியோன். "அவன் எந்த ஊரு ஜாரு?"

"வாயை மூடுடா."

"ஏன் மூடணும்? தலை போற காரியம், கேக்கறேன். மன்னரே, கோவிச்சுக்காதீங்க, உள்ளங்கையைக் காட்டுங்க. பாருங்கடா, காய்ப்பு. மேசைக்கரண்டி பிடிச்சா இப்படி வரும்?"

பலகையில் இருந்தவன் கோபிக்கவில்லை. "பத்து வருஷம் கூலிக்குக் கதிர் அறுத்தேன்" என்றான். "உப்பு சுமந்தேன். உன் கை மாதிரி என் கையும் ஆகட்டும்னு கடவுள் விட்டாரு போல. உன் காதை யாரு அறுத்தது?"

"உங்க பொண்டாட்டியோட சிப்பாய்."

"என் கழுத்தையும் அறுக்க வந்தவன் அவ ஆளுதான்."

யாரோ சிரித்தார்கள். லாரியோன் சிரிக்கவில்லை. "மன்னரு ஜெர்மனியில வளந்தவரு, ஜெர்மன்காரன் மாதிரி பேசுவாருன்னு சொல்லுவாங்களே?"

"பேசினவரை இங்க யாரு கேட்டா?" என்றான் பீமென். "அதுக்குத்தான் அண்ணனைக் கூட்டியாந்திருக்கேன். பாருங்க அண்ணே. நல்லாப் பாருங்க."

யெவ்தோகிம் ஆவியை விலக்கிக்கொண்டு நெருங்கினார். 'கண் மங்கிப்போச்சு' என்று சொல்ல வாயெடுத்தார்.

மேலே இருந்தவன் முந்திக்கொண்டான். முகத்தைச் சாய்த்து அவரைப் பார்த்தான். மெதுவாகப் பலகையை விட்டு இறங்கினான்.

"யெவ்தோகிம்தானே நீ? அன்னைக்குத் தாடியில பனி ஒட்டியிருந்துச்சு" என்றான். "பெலூகாவைத் தட்டி மீனா மரக்கட்டையான்னு கேட்டேன். நீ மடியிலேருந்து கருவாடு எடுத்துக் கொடுத்த. என் பல்லுதான் எறங்கலையே!"

முதலில் மண்டியிட்டவன் லாரியோன். ஈரத் தரையில் நெற்றி பட விழுந்து, அரைக் காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு ஒவ்வொருவராக விழுந்தார்கள்.

யெவ்தோகிம் மட்டும் நின்றார். நடக்காத ஒன்றை இவன் நினைவு வைத்திருக்கிறான். இந்த உலகத்தில் இவன் பொய்யன் என்று அறிந்தவர் அவர் ஒருவர். எப்படித் தெரியும் என்று கேட்டால், தன் கதையும் பொய் என்று சொல்ல வேண்டும்.

"சொல்லுங்க அண்ணே" என்றான் பீமென் தரையிலிருந்து. "இவருதானே?"

கோட்டைச் சிறையில் ஈர வைக்கோலின்மேல் இரண்டு கால்கள் அவர் கண்முன் வந்தன. குழந்தையாக இருந்தபோது ஆற்றுமணலில் சுட்டுக்கொண்டு அவர் தோளில் ஏறிக்கொண்ட கால்கள்.

"ஆமா" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது செய்தி அவருக்கு முன்னால் வந்திருந்தது. உலீத்தா இருந்த மாவு முழுவதையும் கொட்டிப் பிசைந்துகொண்டிருந்தாள். வசந்தம்வரை வரவேண்டிய மாவு.

"தம்பிக்கு வழிக்கு ரொட்டி மாமா. வரும்போது அவரும் இருப்பாரில்ல, ரெண்டு பேருக்கும் வேணும்."

நிக்கான் சேணத்தின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். இருபது வயது. பல்லில் நூலைக் கடித்தபடி சிரித்தான். "அப்பா, உங்களைக் கட்டிப்பிடிச்சாராமே?"

யெவ்தோகிம் தொப்பியைக் கழற்றவில்லை. "போகாதே" என்றார். "அது ஜார் இல்ல."

"என்னது?"

"நான் மன்னரைப் பாத்ததே இல்லடா. பின்வாசல்ல நின்னேன், மீனைக் கொடுத்தேன், வந்தேன். கருவாடு, சிரிப்பு, எல்லாம் நான் கட்டினது. இவன் எங்கயோ கேட்டுட்டு வந்து எங்கிட்டயே சொல்றான்."

நிக்கான் ஊசியைக் கீழே வைத்தான். "இப்ப எதுக்குப்பா இதைச் சொல்றீங்க?"

"நெசம்டா."

"அங்க ஆமான்னீங்க. ஊரே சாட்சி. வீட்டுக்கு வந்ததும் இன்னொரு புள்ளையும் போயிருவானோன்னு பயம் வந்திருச்சு. பயந்தா பயம்னு சொல்லுங்க. அதுக்கு மன்னரை ஏன் பொய்யாக்கறீங்க?"

"ரெண்டு புள்ளையையும் கொண்டுபோய்க் குழியில தள்ள நான்..."

"அண்ணன் ஏற்கெனவே குழியிலதான் இருக்கான்."

சேணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். யெவ்தோகிம் மருமகளைப் பார்த்தார். "நீயாவது சொல்லும்மா. உன் பேச்சைக் கேப்பான்."

உலீத்தா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கல்யாணத்தன்னைக்கு அவரு எங்கிட்ட மொதல்ல பேசினதே அந்தக் கதைதான்" என்றாள். "எங்கப்பா கருவாட்டை ஜார் கடிச்சாரு தெரியுமான்னாரு. நான் சிரிச்சேன். அதுவும் இல்லையா மாமா?"

"இல்லம்மா."

"சரி. இல்லைன்னே வெச்சுக்கறேன். நான் தம்பியை நிறுத்திடறேன். வசந்தத்துல அவரைச் சாட்டையில கிழிச்சு சங்கிலியில கோத்து நடத்திட்டுப் போவாங்க. அதைத் தடுக்க உங்ககிட்ட வேற ஏதாவது இருக்கா?"

அவர் இப்போதுதான் தொப்பியைக் கழற்றினார்.

"இருந்தா சொல்லுங்க, இந்த மாவை எடுத்து வெச்சிடறேன்."

அடுப்பில் சாணவரட்டி புகைந்தது. அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிசைந்தாள்.

ஞாயிறு காலை பிரார்த்தனைக்கு ஊர் போனபின் யெவ்தோகிம் பீமென் வீட்டுக்குப் போனார். வாசலில் வாளோடு நின்ற இரண்டு பேர் அவரைக் கண்டதும் தலைகுனிந்து வழிவிட்டார்கள். உள்ளே மன்னர் என்று சொன்னவன் தனியாக உட்கார்ந்து பூசணிக்காய்க் கஞ்சி தின்றுகொண்டிருந்தான். யாரோ கொடுத்த சிவப்புப் பட்டுச் சட்டை தோளில் தொங்கியது.

"கருவாட்டுக் கதையை எங்க கேட்ட?" என்றார் யெவ்தோகிம்.

அவன் கதவைப் பார்த்தான், பிறகு அவரை. கரண்டியை நக்கிக் கீழே வைத்தான்.

"உப்பு ஏரியில. வண்டிக்காரன் ஒருத்தன் சொன்னான். நல்லாச் சொன்னான். ஏன், ஏதாவது மாத்திச் சொல்லிட்டனா?"

"அது நடக்கவே இல்ல."

"எது?"

"எதுவும். நான் அந்த ஆளைப் பாத்ததே கெடையாது."

அவன் முகத்தில் நிறம் போனது. சிரிக்க முயன்றான். "பெரியவரே, நான் சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம்னு நெனச்சேன்" என்றான். "நீங்க இருக்கற ஊருன்னு தெரிஞ்சதும் வந்த வழியே திரும்பிடலாம்னு இருந்தேன். பீமென் விடல. குளியல் வீட்டுல நீங்க கிட்ட வந்தப்ப செத்தேன்னே நெனச்சேன். தெரிஞ்சதை முந்திச் சொல்லிட்டேன். அப்புறம் நீங்க ஆமான்னீங்க. ஏன் ஆமான்னீங்க?"

"என் மகன் சிறையில இருக்கான்."

"எல்லாருக்கும் யாராவது இருக்காங்க." அவன் பட்டுச் சட்டையின் ஓரத்தை விரலால் சுருட்டினான். "ஒரு கிராமத்துல மனு எழுதித் தரச் சொன்னாங்க. எனக்கு எழுதத் தெரியாது. தெரியாதுன்னேன். மன்னரு எதுக்குக் கையால எழுதணும்னு ஒருத்தன் சொன்னான். அப்படித்தான் ஆரம்பிச்சது."

"ஓடிப் போயிடு. நீ இல்லேன்னா இவனுங்க கலைஞ்சிடுவாங்க."

"நான் ஓடலாம்னுதான் பாத்தேன். வாசல்ல நிக்கறானுங்களே, எனக்குக் காவலா, நான் போகாம இருக்கக் காவலா? கொல்லைக்குப் போனாக்கூடக் கூட வர்றானுங்க." குரலைத் தாழ்த்தினான். "நீங்க போய்ச் சொல்லுங்க. பொய் சொன்னேன்னு சொல்லுங்க. என்னைக் கட்டிக் கொடுக்கட்டும். அடிதான் விழும். பீரங்கி முன்னால போறதைவிட அது மேல்."

யெவ்தோகிம் சொன்னார். பிரார்த்தனை முடிந்து வந்தவர்களை முற்றத்தில் நிறுத்தி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். கூட்டம் பொறுமையாகக் கேட்டது.

"பாவம்" என்றான் லாரியோன். அவன் குரலில் கிண்டல் கொஞ்சமும் இல்லை. "மூத்தவனை நெனச்சு நெனச்சு மனசு ஒடிஞ்சுபோச்சு. அண்ணே, நீங்க வரவேண்டாம். நாங்க பாத்துக்கறோம். மக்ஸீமைக் கூட்டியாந்து உங்க வாசல்ல விடறது என் பொறுப்பு."

"டேய், அவனையே கேளுங்கடா! உள்ள இருக்கான்!"

"மன்னருதான் சொன்னாரு, யெவ்தோகிமைத் துன்பப்படுத்தாதீங்கன்னு" என்றான் பீமென். அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, வீட்டுப் பக்கம் மெல்ல நடத்திவிட்டான்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஊரின் குதிரைகள் எல்லாம் கிளம்பின. நடுவில் சிவப்புச் சட்டைக்காரன், இருபுறமும் இரண்டு பேர் அவன் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருந்தார்கள். யெவ்தோகிமைக் கடந்தபோது அவன் திரும்பிப் பார்த்தான். நிக்கான் ரொட்டி மூட்டையைச் சேணத்தில் கட்டியிருந்தான். அப்பாவோடு பேசவில்லை. ஆனால் குனிந்து, சின்ன வயதில் செய்ததுபோல, அவர் தொப்பியின் நுனியைத் தட்டிவிட்டுப் போனான்.

உலீத்தா குதிரைகள் மறையும்வரை நின்றாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். அன்றும் மீன்பிடிப்பு இருந்தது.

ஓரன்பூர்க் பாதையில் ஆறு வளையும் இடத்தில் கோட்டைச் சிப்பாய்கள் ஒரு பீரங்கியோடு காத்திருந்தார்கள். இரண்டு முறைதான் சுட்டார்கள். இரண்டாவது குண்டு அவர்கள் கடந்துகொண்டிருந்த ஆற்றுப் பனியில் விழுந்து அதை உடைத்தது. நிக்கானின் குதிரை கரையேறியது. அவன் ஏறவில்லை. லாரியோன் கரையிலேயே செத்துக் கிடந்தான். அன்று பிற்பகலில் பீமென் சிவப்புச் சட்டைக்காரனின் கைகளைக் கட்டி, மன்னிப்புக் கேட்டு, ஒப்படைத்தான்.

விசாரணைக்கு யெவ்தோகிமைக் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். மேஜர் இளைஞர். சளி பிடித்திருந்தது. கட்டிவைத்திருந்தவனைக் காட்டி, இவனை நீ ஜார் என்று சொன்னதுண்டா என்று கேட்டார்.

"சொன்னேன்."

"ஜாரை நீ பார்த்திருக்கிறாயா?"

"இல்ல. எப்பவும் இல்ல."

"ஊரெல்லாம் பார்த்ததாகச் சொல்கிறதே?"

"பொய் சொன்னேன்."

மேஜர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நம்புகிறேன்" என்றார். மகனைப் பார்க்கக் கேட்டதற்கு, கைதிகளைப் பார்க்க அனுமதி இல்லை என்றார்கள்.

சிவப்புச் சட்டைக்காரனின் மூக்கைக் கிழித்து, நெற்றியில் சூடுபோட்டுச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். மக்ஸீமும் அதே சங்கிலிக் கூட்டத்தில் கிழக்கே போனான். உலீத்தா பாதையோரம் நின்று பார்த்தாள், அவன் முகத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப்பின் அவள் தன் அப்பா ஊருக்குப் போய்விட்டாள்.

அந்த வருட அரசர் பங்கு பிப்ரவரியில் தலைநகர் போய்ச் சேர்ந்தது. உண்மை சொன்னதற்காக யெவ்தோகிம் வீட்டின் மீன்பிடித் தடை மார்ச் மாதம் நீக்கப்பட்டது. அப்போது ஆற்றில் பனி உருகத் தொடங்கியிருந்தது.